கிளாட் பெர்னாரும் அசையாத தவளையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது என் தாயாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை மருத்துவம் நடந்தது. நல்லபடியாக முடிந்து, எட்டாம் நாள் வீடு வந்து சேர்ந்தார். வந்த அன்று இரவே ஒன்றைச் சொன்னார். அறுவை முடிந்தபின் ஒரு நேரம் தமக்குக் காது நன்றாகக் கேட்டதாம். யாரோ தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பதில் சொல்ல நா எழவில்லை; இமையைத் தூக்க முடியவில்லை; விரல் நுனிகூட அசையவில்லை; மூச்சை இழுக்க இழுக்க நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருந்ததாம். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிட்டது.

மருத்துவமனையில் இதைச் சொன்னதற்கு, மயக்க மருந்தில் இப்படியெல்லாம் கனவு வரும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பாட்டியோ, அது அமுக்குவான் பிசாசின் வேலை என்று முடிவு கட்டி மந்திரிக்க அழைத்துச் சென்றார். என் தந்தையார் எதையும் பேசவில்லை. நான் அறிவியல் படிக்கும் மாணவன் அல்லவா? கனவுதான் என்று அடித்துப் பேசினேன். சில நாளில் தாயார் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

சென்ற பருவத்தில் உடலியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கரி படிந்த பழைய உருளைக் கருவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கைமோகிராஃப் என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, நரம்பில் மின்சாரம் பாய்ச்சி, தசை துடிப்பதை இக்கருவியில்தான் வரைந்து காட்டுவார்களாம். இப்போது நாங்கள் தவளையை அறுப்பதில்லை. கணினித் திரையில் பார்க்கிறோம். அன்று அவர் கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சுக்காரரின் சோதனையை விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு உடல் வேர்த்தது. என் தாயார் கண்டது கனவு அன்று என்பது அந்த வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெர்னாரின் வாழ்க்கையை நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிரான்சு நாட்டில், லியோன் நகருக்கு வடக்கே போஷொலே என்றொரு வட்டாரம் இருக்கிறது. மலைச்சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். அங்கே சேன் ஜூலியன் என்னும் சிற்றூரில் 1813ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் கிளாட் பெர்னார் பிறந்தார். தந்தை திராட்சை பயிரிடுபவர். மது வணிகத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர். பையனுக்கு முதலில் எழுத்தறிவித்தவர் ஊர்ப் பாதிரியார். பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படித்தார். கல்லூரிக்குப் போக வசதியில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் லியோன் நகரின் புறப்பகுதியில் ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். கடையைப் பெருக்குவது, புட்டி கழுவுவது, மருந்து அரைப்பது இவைதாம் வேலை.

அக்கடையில் திரியாக்கா என்றொரு மருந்து விற்றார்கள். தலைவலிக்கும் அதுதான், வயிற்று நோய்க்கும் அதுதான். பலவகைச் சரக்குகளைக் கூட்டிச் செய்த பழங்கால லேகியம் அது. கடையில் கெட்டுப்போனது, மிஞ்சியது எதுவானாலும் எறிந்துவிடாமல் அந்தச் சாடியில் போட்டுவிடச் சொல்வாராம் முதலாளி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பொருள் சேரும் மருந்து, ஒரே நோயை எப்படித் தீர்க்கும்? பின்னாளில் மருத்துவத்தில் எதையும் அளந்து, சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று பெர்னார் பிடிவாதம் பிடித்ததற்கு அந்தச் சாடியும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் அப்போது அவருக்கு அறிவியலில் நாட்டம் இல்லை. நாடகப் பைத்தியம்! ரோன் ஆற்றின் ரோஜா என்னும் பொருள்படும் பெயரில் சிறு இன்பியல் நாடகம் ஒன்றை எழுதினார். அது லியோனில் மேடையேறிச் சிறிது காசும் கொடுத்தது. அவ்வளவுதான், ஐந்து அங்கங்களில் ஒரு துன்பியல் நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு 1834இல் பாரிசுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே புகழ்பெற்ற இலக்கியத் திறனாய்வாளர் சேன்மார்க் ஜிரார்தானிடம் அதைக் காட்டினார். அவர் படித்துவிட்டு, மருந்துக் கடையில் இருந்தவன் நீ, மருத்துவம் படித்துப் பிழைத்துக்கொள், எழுத்தை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள் என்னும் பொருள்பட அறிவுரை சொல்லி அனுப்பினார். இலக்கிய உலகம் ஒரு சுமாரான நாடகாசிரியரை இழந்தது. உடலியலுக்கு அடித்தது யோகம்.

மருத்துவப் படிப்பிலும் அவர் ஒளிவிடவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். மருத்துவமனைப் பயிற்சிக்கான 1839ஆம் ஆண்டுத் தேர்வில் தேறிய இருபத்தொன்பது பேரில் இவர் இருபத்தாறாவது. 1844இல் ஆசிரியப் பதவிக்கான போட்டித் தேர்வு எழுதித் தோற்றார். துணைப்பாட வேதியியலில் ஓர் அரியர் வைத்திருக்கும் எனக்கு இந்தச் செய்தி தந்த ஆறுதலை என்னென்பது! ஆனால் அறுவைக் கத்தியைப் பிடித்தால் அந்தக் கைக்கு நிகர் இல்லை. அக்காலத்தின் பெரிய உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி அந்தக் கையைப் பார்த்தார். 1841இல் காலேஜ் தெ பிரான்சில் தம் ஆய்வகத் துணையாளராகச் சேர்த்துக்கொண்டார். ஆய்வகம் என்றால் நம் கல்லூரி ஆய்வகம் போன்றதுகூட இல்லை. ஈரம் கசியும் இருட்டறை.

அந்த இருட்டறையிலிருந்து வந்தவற்றைப் பட்டியலிட்டால் நம் பாடநூலில் பாதி வந்துவிடும். கணைய நீர் கொழுப்பைச் செரிக்க வைக்கிறது என்று காட்டினார். இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலிலிருந்தும் சர்க்கரை வெளிப்படுவதைக் கண்டு, விலங்குடலும் சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது என்று நிறுவினார். கல்லீரலில் அது கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுவதை 1857இல் பிரித்தெடுத்துக் காட்டினார். இரத்தக்குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகள் உண்டு என்பதும் இவர் ஆய்வில் விளைந்தது. உடலுக்குள் ஓர் உள்சூழல் இருக்கிறது, அது மாறாது நிலைத்திருப்பதே உயிர் தன்னுரிமையோடு வாழ வழி என்னும் பெருங்கருத்தும் இவருடையதே.

இவர் மூளை வேலை செய்த விதத்துக்கு ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். ஒருநாள் சந்தையிலிருந்து சில முயல்கள் வந்தன. அவை மேசையில் பெய்த சிறுநீர் தெளிவாக, அமிலமாக இருந்தது. தழை தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாக, காரமாக அல்லவா இருக்கவேண்டும்! வேறு யாராயிருந்தாலும் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பெர்னார் நின்று யோசித்தார். முயல்கள் பட்டினி கிடக்கின்றன. தம் உடற்சதையையே கரைத்து உண்கின்றன. ஆகவே ஊனுண்ணிபோல் ஆகிவிட்டன என்று கருதினார். கருதியதோடு நிற்கவில்லை. புல்லைப் போட்டார், சிறுநீர் கலங்கியது. மீண்டும் பட்டினி போட்டார், தெளிந்தது. உடலைப் பார்த்து ஊகிப்பது வேறு, உடலையே கேட்டுப் பதில் வாங்குவது வேறு. பெர்னார் கேட்கத் தெரிந்தவர்.

இனிக் குராரேக்கு வருவோம். தென் அமெரிக்காவில் அமேசான், ஓரினோக்கோ ஆற்றுக் காடுகளில் வாழும் பழங்குடி மக்கள் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி எடுக்கும் கறுத்த நஞ்சு அது. அம்பின் நுனியில் தடவி எய்தால் விலங்கு சிறிது நேரத்தில் சாய்ந்துவிடும். அதன் இறைச்சியை உண்பதால் கேடில்லை. காயத்தின் வழியே இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும். இந்த நஞ்சால் சாகும் விலங்கு கதறுவதில்லை, துடிப்பதில்லை. கால் தளர்கிறது, தலை சாய்கிறது, மூச்சு நிற்கிறது. பார்த்தவர்கள் இதைவிட அமைதியான சாவு இல்லை என்றே எண்ணினார்கள்.

பெர்னாருக்கு இந்த நஞ்சு கிடைத்தது 1844ஆம் ஆண்டு வாக்கில். பத்தாண்டுகளுக்கு மேல் அதை விடவில்லை. நஞ்சு என்பது அவருக்குக் கொல்லும் பொருள் மட்டும் அன்று. உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கத்தி.

ஒரு தவளையை எடுத்துக்கொண்டார். அதன் இடுப்பில் பின்னங்கால்களுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நூலால் இறுகக் கட்டினார். இனி முன்னுடலின் இரத்தம் பின்னங்காலுக்குப் போகாது. ஆனால் நரம்பு அறுபடவில்லை. முன்னுடலில் தோலுக்கடியில் குராரேயை வைத்தார். சில நிமிடத்தில் முன்னுடல் சவம்போல் ஆயிற்று. அடுத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: அசையாத அந்த முன்னுடலின் தோலைக் கிள்ளினார். கிள்ளிய இடம் அசையவில்லை. ஆனால் நஞ்சு எட்டாத பின்னங்கால்கள் விசுக்கென்று உதைத்தன!

நண்பர்களே, இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். செத்தது போலக் கிடந்த முன்னுடலுக்கு வலித்திருக்கிறது. வலி நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து கட்டளையும் திரும்பியிருக்கிறது. அதை நிறைவேற்றக்கூடிய தசை பின்னங்காலில் மட்டுமே மிச்சம் இருந்தது, அது நிறைவேற்றியது. உணர்ச்சி நரம்பை இந்த நஞ்சு தொடவே இல்லை.

அடுத்து மின்சாரம். நஞ்சேறிய காலின் நரம்பில் பாய்ச்சினார். தசை சும்மா கிடந்தது. அதே மின்சாரத்தைத் தசையில் நேராக வைத்தார், துடித்தது. அப்படியானால் தசையும் கெடவில்லை. பிறகு இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நரம்பை மட்டும் நஞ்சில் ஊறவைத்துத் தசையை வெளியே விட்டார். நரம்பைத் தூண்டியதும் தசை துடித்தது. மற்றதில் தசையை நஞ்சில் ஊறவைத்து நரம்பை வெளியே விட்டார். நரம்பைத் தூண்டினால் ஒன்றும் நடக்கவில்லை. நரம்பும் நலம், தசையும் நலம். இரண்டும் சேரும் இடத்தில்தான் பேச்சு அறுந்துவிட்டது!

இதைப் பெர்னார் முழுவதும் சரியாகச் சொன்னார் என்று புகழ எனக்கு மனமில்லை. இயக்க நரம்பு அதன் கடைக்கோடியிலிருந்து செத்துப்போகிறது என்பதுபோல் அவர் விளக்கம் தந்தார். அவர் நாட்டவரான வுல்ப்பியான்தான் பின்னர், நரம்பு சாகவில்லை, நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொடர்பே தடைப்படுகிறது என்று திருத்தினார். ஜெர்மனியில் கோலிக்கரும் அதே காலத்தில் தனியே குராரேயை ஆராய்ந்தார். அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளே தூதுபோகிறது என்று 1936இல் லண்டனில் டேலும் அவர் துணைவர்களும் காட்டினார்கள். தூதனை வாசலில் மறித்து நிற்பதே குராரேயின் தொழில்.

1864இல் பொதுமக்கள் படிக்கும் பாரிசு இதழ் ஒன்றில் பெர்னார் குராரே பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அமைதியான சாவு என்று எல்லாரும் எண்ணியதை அதில் தலைகீழாகப் புரட்டிப்போட்டார். அந்த அசையாத உடலுக்குள் உணர்வும் அறிவும் விழித்திருக்கின்றன. அவற்றின் ஏவலர்களான உறுப்புகள் ஒவ்வொன்றாக விலகிப்போகின்றன. பிணத்துக்குள் உயிரோடு பூட்டப்படுவதைப் போன்ற கொடுமை வேறில்லை என்பது அவர் கருத்து. நாடகம் எழுதிய கை அல்லவா, அந்தப் பகுதியில் அந்தக் கை தெரிகிறது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் திரும்ப ஒலித்தது.

இங்கே மறைக்கக்கூடாத செய்தி ஒன்றுண்டு. இத்தனையும் அறிந்த பெர்னார், தம் ஆய்வுகளில் விலங்குகளை அசையாமல் வைக்கக் குராரேயைப் பயன்படுத்தினார். செயற்கையாக மூச்சூட்டி, உயிரோடு வைத்து அறுத்தார். அந்த உடல்களுக்கு வலிக்கும் என்று அவரைவிட அறிந்தவர் அந்நாளில் யார்? அவருடைய மனைவி இதைப் பொறுக்கவில்லை. அவர் கொண்டுவந்த சீதனத்தில்தான் பெர்னாரின் ஆய்வு தொடர்ந்து நடந்தது; அவரோ விலங்கு வதை எதிர்ப்பாளர் ஆனார். 1869–70 வாக்கில் கணவரைப் பிரிந்தார். இரண்டு பெண் மக்களும் தாயோடு போனார்கள். இங்கிலாந்தில் 1876இல் விலங்கு வதைச் சட்டம் வந்தபோது, குராரேயை மயக்க மருந்தாகக் கொள்ளக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பெர்னாரின் கண்டுபிடிப்பே அவருடைய முறைக்கு எதிர்ச்சாட்சி சொன்னது எனலாம். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அந்த அம்மையார் பக்கமே நிற்கிறேன்.

1860ஐ ஒட்டி அவர் உடல் நலிந்தது. சேன் ஜூலியனுக்குத் திரும்பி, திராட்சைத் தோட்டத்தின் நடுவே ஓய்வெடுத்தார். அப்போது எழுதியதே 1865இல் வெளிவந்த சோதனை மருத்துவ முன்னுரை நூல். பிறகு பெருமைகள் தாமே வந்தன. செனட் உறுப்பினர் பதவி வந்தது. நாடகத்தால் நுழைய முடியாத பிரெஞ்சு அகாதெமி அறிவியலுக்காக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1878 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிசில் காலமானார். ஓர் அறிவியலாளருக்குப் பிரெஞ்சு அரசு தன் செலவில் இறுதிச்சடங்கு நடத்தியது அதுவே முதன்முறை.

அவர் வாழ்நாளில் குராரே அறுவைக்கூடத்துக்கு அன்றாட மருந்தாக வரவில்லை. வயிற்றை அறுக்கும்போது தசை விறைத்து நிற்கும். அது தளரவேண்டுமானால் ஆபத்தான அளவுக்கு ஈதர் போன்றவற்றை ஆழமாகக் கொடுக்கவேண்டியிருந்தது. 1942 ஜனவரி 23ஆம் நாள், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர், குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்கு மயக்கத்தோடு சிறிது குராரேயும் கொடுத்தனர். தசை பஞ்சாய்த் தளர்ந்தது. அன்றிலிருந்து மயக்கவியல் வேறு வழியில் நடக்கத் தொடங்கியது.

ஆனால் பெர்னார் 1864இல் எழுதியதை மருத்துவ உலகம் மறந்துவிட்டது போலும். குராரே மூளையையும் மயக்கும் என்று சிலர் நம்பினார்கள். 1947இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்காட் ஸ்மித் என்னும் மருத்துவர் விழித்திருந்தபடியே தம் உடலில் அதை ஏற்றிக்கொண்டார். மூச்சை அருகிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இமைகூட அசையாமல் கிடந்த அவருக்கு நடந்தது எல்லாம் தெரிந்திருந்தது; நஞ்சு தெளிந்தபின் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தவளை சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

அடுத்த சிக்கல், மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிவது. 1954இல் அமெரிக்காவில் பீச்சரும் டாடும் வெளியிட்ட பெரிய ஆய்வில், தசைத்தளர்வு மருந்து பெற்றவர்களிடையே மயக்கத்தை ஒட்டிய இறப்பு பன்மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. நோயாளி மூச்சு விடுகிறாரா, கையை இறுக்கிப் பிடிக்கிறாரா, தலையைத் தூக்குகிறாரா என்று பார்த்தே குழாயை எடுத்துவந்தார்கள். இது போதாது. மூச்சுவிடும் உதரவிதானம் சீக்கிரம் தெளிந்துவிடும். தொண்டைத் தசைகள் அதற்குப் பின்னும் சோர்ந்தே கிடக்கும்.

ஆகவே மீண்டும் பெர்னாரின் வழியே வழியாயிற்று: நரம்பைத் தூண்டு, தசையைப் பார். 1958இல் லண்டனில் கிறிஸ்டியும் சர்ச்சில் டேவிட்சனும் நோயாளிகளுக்கென்றே சிறு நரம்புத் தூண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1970ஐ ஒட்டி லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே மூவரும் இன்றும் வழங்கும் முறையை வகுத்தனர். சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஓடும் அல்நார் நரம்பின்மேல் இரண்டு ஒட்டுவில்லைகளை ஒட்டி, அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகளைச் செலுத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் உள்நோக்கி மடங்கவேண்டும். மருந்து மிச்சம் இருந்தால் முதல் துடிப்பு வலுவாகவும் நான்காவது மெலிந்தும் வரும். மருந்து மிகுதியானால் நான்காவது முதலில் மறையும். பிறகு மூன்றாவது, இரண்டாவது. நான்காவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். முன்பு 0.7 வந்தால் போதும் என்றிருந்தார்கள். இப்போது 0.9ஆவது வரவேண்டும் என்கிறார்கள்.

இதில் என்னை வியக்கவைத்தது ஒன்று. அந்த விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால், கண்ணால் பார்த்தாலும் கையால் தொட்டாலும் தேர்ந்த மருத்துவருக்கே மெலிவு பிடிபடுவதில்லை. நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். 0.4க்கும் 0.9க்கும் நடுவில் இருக்கும் நோயாளி, பார்ப்பவருக்கு நன்றாக இருப்பார். தமக்கு நன்றாக இருக்கமாட்டார். அதனால்தான் கட்டைவிரலின் அசைவைக் கருவி கொண்டு அளந்து எண்ணாகக் காட்டவேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் வலியுறுத்தியது.

என் தாயார் அந்த நடுவில்தான் கிடந்தார் என்று நினைக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் உயிரோடு வீடு திரும்பியதும் அதே மருத்துவமனையால்தான். ஆனால் அவர் சொன்னபோது, நாங்கள் யாரும் அவரை மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருத்துவமனையும் கேட்கவில்லை, பாட்டியும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நானும் கேட்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்து, நரம்பு ஓடும் இடத்தைக் காட்டி, நான்கு துடிப்புகளையும் என் கட்டைவிரலை மடக்கி விளக்கினேன். அவர் முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தாம் அன்றே சொன்னதை யாரும் நம்பவில்லையே என்று ஒருமுறை மட்டும் சொன்னார். பிறகு, கிள்ளினார்களே, அந்தத் தவளை பிழைத்ததா என்று கேட்டார்.

தவளை தோலாலும் மூச்சுவிடும், அதனால் நெஞ்சு அடங்கினாலும் உடனே சாகாது, நஞ்சு வடிந்தால் மறுபடி எழுந்து குதிக்கக்கூடும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். இடுப்பில் கட்டிய நூலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.